சம்பவ எண் இல்லாத கடிதம்

நாட்டில் எங்கே குண்டு வெடித்தாலும் மைசூர் அக்ரஹாரத்தில் ஒரு காப்பிப்பொடிக் கடையின் மாடியில் நாலு பேருக்கு வேலை வரும். அந்த மாடியில்தான் விழிப்பு ஒருங்கிணைப்புப் பிரிவு இயங்கி வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வடக்கே ஒரு பெரிய நகரத்தில் குண்டு வெடித்தபோது, இனி இப்படி ஒன்று நடக்கவே கூடாது என்று அரசாங்கம் முடிவு செய்து, அந்த முடிவை நிறைவேற்ற ஊருக்கு ஊர் ஒரு பிரிவைத் திறந்தது. திறந்த ஆறு வருஷத்தில் இன்னும் பதினான்கு ஊர்களில் குண்டு வெடித்துவிட்டது. அதனால் பிரிவின் அவசியத்தை எவரும் சந்தேகிக்கவில்லை. ஒவ்வொரு வெடிப்புக்குப் பிறகும் அதற்கு ஒரு மேஜையோ ஒரு மின்விசிறியோ கூடுதலாகக் கிடைத்து வந்தது.

ரத்தினசாமி அங்கே தபால் குமாஸ்தா. ஹனூர்ப் பக்கத்து மனிதர். மழை பொய்த்த ஒரு வருஷத்தில் மைசூருக்கு வந்து, பரீட்சை எழுதி, கன்னடத்தில் நோட் எழுதவும் தமிழில் முணுமுணுக்கவும் பழகி, இருபத்தாறு வருஷம் ஓட்டிவிட்டார். வருகிற தபாலைப் பிரித்துப் பதிந்து, உரிய கோப்பில் வைத்து, உரியவர் மேஜைக்கு அனுப்புவது அவர் பொறுப்பு. இதுவரை ஒரு தபாலையும் அவர் தொலைத்ததில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. வீட்டில் மனைவி மாதம்மா ரேஷன் கார்டை எங்கேயாவது வைத்துவிட்டுத் தேடினால், கோப்பு பராமரிப்பு பற்றி அரை மணி நேரம் பிரசங்கம் செய்வார்.

பிரிவின் வேலை சிக்கலானதல்ல. எங்கோ குண்டு வெடிக்கும். மேலிடத்திலிருந்து அதற்கு ஒரு சம்பவ எண் வரும். எண் வந்ததும் ரத்தினசாமி புதுக் கோப்பு திறந்து, மாவட்டத்தின் இருநூற்றுப் பன்னிரண்டு அலுவலகங்களுக்கும் 'விழிப்புடன் இருக்கவும்' என்று சுற்றறிக்கை அனுப்புவார். கால்நடை ஆஸ்பத்திரி, பட்டுப்புழு வளர்ப்பு நிலையம் உள்பட எல்லாரும் 'விழிப்புடன் இருக்கிறோம்' என்று சான்று அனுப்புவார்கள். சான்றுகளைச் சேர்த்துத் தைத்து நான்கு பிரதிகளில் மேலே அனுப்பினால் சம்பவம் முடிந்தது. கோப்பின் மேல் 'நடவடிக்கை முற்றிற்று' என்று சிவப்பு மையில் எழுதிக் கட்டி வைத்துவிடுவார்கள்.

சில சம்பவங்களுக்குத் தடையும் உண்டு. ஓர் ஊரில் குண்டு டிபன் கேரியரில் வந்தது. உடனே பஸ் ஸ்டாண்டுகளில் டிபன் கேரியருக்கு மூன்று மாதம் தடை விதித்தார்கள். ஹெப்பாள் தொழிற்சாலைகளுக்குப் போகிறவர்கள் மூன்று மாதம் சாம்பார் சாதத்தைப் பாலிதீன் பையில் கட்டிக்கொண்டு போனார்கள். அடுத்த ஊரில் டிரான்சிஸ்டரில் வந்தது. டிரான்சிஸ்டருக்குத் தடை, டிபன் கேரியருக்கு விடுதலை. பிறகு சைக்கிளில் வந்தது. குண்டு வைக்கிறவர்கள் ஒழுங்குமுறைக்குக் கட்டுப்படாதவர்கள் என்பது இதிலிருந்து தெரிந்தது. போன தடவை எதில் வைத்தார்களோ அதிலேயே இந்தத் தடவையும் வைத்திருந்தால் எப்போதோ தடுத்திருக்கலாம் என்று பிரிவின் ஆண்டறிக்கை வருத்தத்துடன் குறிப்பிட்டது.

பிரிவுக்குத் தலைவர் தனி அதிகாரி ரவிக்குமார். சஃபாரி சூட்டும் இடுப்பில் பேஜரும் அணிந்த நவீன மனிதர். மைசூரில் அப்போது பேஜர் வைத்திருந்தவர்கள் எண்ணிச் சொல்லக்கூடிய அளவுதான். அவருடைய பேஜருக்கு 'விழிப்புடன் இருக்கவும்' என்பதைத் தவிர வேறு செய்தி வந்ததில்லை என்றாலும், அது ஒலிக்கும்போதெல்லாம் கூட்டத்திலிருந்து எழுந்து வராந்தாவுக்குப் போய்ப் படித்துவிட்டு வருவார். டில்லியில் பத்து நாள் பயிற்சிக்குப் போனவர், திரும்பி வரும்போது 'புரோ-ஆக்டிவ்' என்ற சொல்லைக் கொண்டுவந்தார். அன்றிலிருந்து மாடிப்படி முகப்பில் 'முன்கூட்டியே விழிப்பு' என்று ஒரு பலகை தொங்கியது. அவருக்குக் கீழே சூப்பிரண்டெண்ட் உமாதேவி. விதிப்புத்தகத்தை உருப்போட்டவர். எந்த விதி எந்தப் பக்கத்தில் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார் என்று பேர் வாங்கியவர்.

இப்படி எல்லாம் முறையாகப் போய்க்கொண்டிருந்தபோது, தொண்ணூற்றெட்டில் ஒரு புதன்கிழமை காலை மேலிடத்திலிருந்து அந்தக் கடிதம் வந்தது. உறைமேல் இரண்டு அரக்கு முத்திரை, 'மிக இரகசியம்' என்று ஒரு ரப்பர் முத்திரை. ரத்தினசாமி பிரித்தார். உள்ளே இரண்டே வாக்கியம். வருகிற சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கும் ஏழு மணிக்கும் இடையே மைசூர் கிழக்கு பஸ் ஸ்டாண்டில் குண்டு வைக்கத் திட்டமிருப்பதாக நம்பகமான தகவல் கிடைத்துள்ளது. உடனடி நடவடிக்கை எடுக்கவும்.

படித்தவுடன் அவர் தேடியது சம்பவ எண்ணை. மேலே இல்லை, கீழே இல்லை, தாளைத் திருப்பிப் பார்த்தார், பின்னாலும் இல்லை. இரண்டாம் தடவை படித்தபோதுதான் அவருக்கு மகள் ஞாபகம் வந்தது. மோகனப்ரியா புதிதாக மாவட்டத் தலைநகரான சாமராஜநகரில் ஓர் அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட். வாரம் முழுக்க அங்கே ஹாஸ்டலில் இருந்துவிட்டு, சனிக்கிழமை மாலை பஸ் ஏறி ஆறேகாலுக்கு அதே கிழக்கு பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்குவாள். இந்தச் சனிக்கிழமை வராமல் இருக்க வழியே இல்லை. ஞாயிறு காலை அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். ரத்தினசாமி கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே உமாதேவியிடம் போனார்.

உமாதேவி மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"என்ன ரத்தினசாமி, நம்பரைக் காணோம்?"

"இன்னும் நடக்கலீங்க மேடம். சனிக்கிழமைதான்."

"நடக்காத சம்பவத்துக்கு லெட்டர் எதுக்கு?"

"நடக்காம பாத்துக்கறதுக்குங்க."

உமாதேவி பேனாவை மூடினார். "சரி, நடக்காம பாத்துக்கறோம்னு வைங்க. அப்ப சம்பவம் இல்ல. சம்பவம் இல்லேன்னா நம்பர் வராது. நம்பர் இல்லாம ஃபைல் திறக்க முடியாது. ஃபைல் இல்லாம, நடக்காம பாத்துக்கறதுக்கு நான் எதுல நோட் போடறது?"

தனக்கும் முதலில் இதே சந்தேகம்தான் வந்தது என்பது ரத்தினசாமிக்குச் சங்கடமாக இருந்தது. போன சம்பவத்தின் கோப்பிலேயே இதையும் சேர்த்துவிடலாமா என்று கேட்டுப் பார்த்தார். அது முற்றிய கோப்பு, அதைத் திறந்தால் அந்த ஊரில் மறுபடி நடந்ததாக ஆகிவிடும் என்றார் உமாதேவி. ஒரு பாவமும் அறியாத ஊருக்கு அப்படி ஒரு கெட்ட பேரை வாங்கித் தர அவருக்கு மனமில்லை. கடிதம் தனி அதிகாரியின் அறைக்குப் போனது.

ரவிக்குமார் முதலில் துள்ளி எழுந்தார். இதற்காகத்தானே இத்தனை நாள் பலகை மாட்டிக் காத்திருந்தோம் என்றார். நாற்காலியைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். மூன்றாம் சுற்றில் முகம் வாடிவிட்டது.

"சப்போஸ் நாம தடுத்துட்டோம்னு வைங்க. குண்டு வெடிக்காது. வெடிக்காத குண்டை நாமதான் தடுத்தோம்னு எப்படி ப்ரூவ் பண்றது?"

"தடுக்கலேன்னா சார்?" என்றார் ரத்தினசாமி.

"தடுக்கலேன்னா ப்ரூஃப் தானா வந்துடும்."

அதற்காக வெடிக்கட்டும் என்று அவர் சொல்லவில்லை. அப்படிச் சொல்லுகிற கெட்ட மனிதர் அல்ல அவர். மேலிடத்தில் ஒரு தெளிவுரை கேட்டுவிடலாம் என்றுதான் சொன்னார். அன்று மாலையே பிரிவின் கடிதம் ஃபாக்ஸில் போயிற்று. தங்கள் கடிதத்தில் சம்பவ எண்ணும், இறந்தோர், காயமுற்றோர் எண்ணிக்கையும் குறிப்பிடப்படவில்லை; இணைப்பிலுள்ள நான்காம் படிவத்தைப் பூர்த்தி செய்து அனுப்பினால் நடவடிக்கை எடுக்க ஏதுவாக இருக்கும்.

மேலிடம் ஒன்றும் தூங்கிவிடவில்லை. வெள்ளிக்கிழமை காலையே பதில் வந்துவிட்டது. சம்பவ எண் சம்பவத்துக்குப் பின்னரே வழங்கப்படும் என்பது தாங்கள் அறிந்ததே. இறந்தோர் எண்ணிக்கையைச் சனிக்கிழமை இரவுக்குள் தெரிவிக்க முயல்கிறோம். அதுவரை பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளவும்.

உமாதேவி விதிப்புத்தகத்தின் நாற்பத்தொன்றாம் பக்கத்தைத் திறந்து காட்டினார். பாதிக்கப்பட்டோர் ஐந்து பேருக்குக் குறைந்தால் அந்தச் சம்பவம் பிரிவின் வரம்புக்குள் வராது. பூஜ்யம் என்று மேலிடமே எழுதிக் கொடுத்துவிட்ட பிறகு இதில் நமக்குச் சம்பந்தமே இல்லை என்று சொல்லிப் புத்தகத்தை மூடினார்.

இதற்கிடையில் வியாழக்கிழமை ரத்தினசாமி தாமாகவே போலீஸ் ஸ்டேஷனுக்கும் போய்ப் பார்த்திருந்தார். இன்ஸ்பெக்டர் மரியாதையாக உட்காரவைத்து காப்பி கொடுத்தார். குண்டு விஷயங்களை எல்லாம் உங்கள் பிரிவுக்கு மாற்றி ஆறு வருஷம் ஆகிறது, நம்பரைக் கொண்டுவந்தால் பத்தே நிமிஷத்தில் ஆள் அனுப்புகிறேன் என்றார். தகவல் கொடுத்தவர் நம்பகமான ஆளா என்று விசாரித்தார். அரசாங்கம்தான் கொடுத்தது என்று ரத்தினசாமி சொன்னதும், அப்படியானால் கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும் என்று தாடையைத் தடவிக்கொண்டார். கடைசியில், எந்த உத்தரவுக்கும் கட்டுப்படாமல், தம் சொந்தப் பொறுப்பில் இரண்டு கான்ஸ்டபிள்களை மாலை ஐந்து மணி வரைக்கும் அனுப்ப ஒப்புக்கொண்டார். அதற்கு மேல் அனுப்ப எண் வேண்டும்.

ரத்தினசாமி கிழக்கு பஸ் ஸ்டாண்டு கன்ட்ரோலரையும் போய்ப் பார்த்தார். மந்திரி வந்தால் ஸ்டாண்டை மூடலாம், பந்த் என்றால் மூடலாம், குண்டுக்கு மூட ஏற்பாடு இல்லை என்றார் அவர். ஆனால் நேரத்தை மட்டும் மறுபடி ஒருமுறை கேட்டு உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். ரத்தினசாமி வெளியே வருவதற்குள் கன்ட்ரோலர் சனிக்கிழமைக்கு அரை நாள் லீவு எழுதத் தொடங்கிவிட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ரத்தினசாமி கையெழுத்துக்காகத் தனி அதிகாரியின் அறைக்குள் போனபோது, ரவிக்குமார் போனில் மனைவியிடம் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார். மாமியாரை நாளைக்கு பஸ்ஸில் வர வேண்டாம், ரயிலில் வரச் சொல்லு, ஏன் எதற்கென்று கேட்காதே. வெளியே வந்தால் உமாதேவி இன்னொரு போனில் தங்கையை அழைத்து, சனிக்கிழமை அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காதே, யாரிடமும் மூச்சுவிடாதே என்று சொல்லிக்கொண்டிருந்தார். கோப்பில் பூஜ்யம், போனில் மட்டும் குண்டா என்று கேட்டுவிட ரத்தினசாமிக்கு நாக்கு துடித்தது. கேட்கவில்லை. அவருக்கும் ஒரு போன் செய்ய வேண்டியிருந்தது.

அக்ரஹாரத்து முனை எஸ்.டி.டி. பூத்தின் கண்ணாடிக் கதவு சரியாகச் சாத்தாது. சணல் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். ரத்தினசாமி உள்ளே நுழைந்து, முதுகை வெளியே காட்டிக்கொண்டு, சாமராஜநகருக்குப் போட்டார்.

"கண்ணு, நாளைக்கு நீ நஞ்சன்கூட்லயே எறங்கிக்க. நான் அங்க வந்து கூட்டிக்கறேன்."

"யாக்கப்பா, ஏன்?" பாதிக் கன்னடம் கலந்துதான் அவளுக்குத் தமிழ் வரும். "நேரா ஸ்டாண்டுக்கு வந்தா ஆகாதா? நான் பார்லருக்கு வேற போகோணும். ஞாயித்துக்கெழம அவங்க வர்றாங்கல்ல."

"சொன்னாக் கேளு."

"காரணம் சொல்லுங்க. இல்லாட்டி நான் எப்பவும்போலதான் வருவேன்."

ரத்தினசாமி குரலைத் தாழ்த்தினார். அவர் தாழ்த்தத் தாழ்த்த, பூத்துக்காரர் கழுத்து நீண்டது. "ஸ்டாண்டுல குண்டு வெக்கறாங்களாமா. ஆருகிட்டயும் சொல்லிராத. அது ரகசியம்."

"சரிப்பா. கூட வர்ற சொர்ணலதாகிட்ட மட்டும் சொல்லிக்கட்டா? அவளும் அதே பஸ்தான்."

"அவகிட்ட மட்டும்."

அந்த 'மட்டும்'தான் மைசூரைக் காப்பாற்றியது. சொர்ணலதா அவள் அண்ணனிடம் மட்டும் சொன்னாள். அண்ணன் ஹெப்பாளில் தன் ஷிப்டுக்காரர்களிடம் மட்டும் சொன்னான். பூத்துக்காரர் வேர்க்கடலை வண்டி வைத்திருந்த தம்பியிடம் மட்டும் சொன்னார். உமாதேவியின் தங்கை மகளிர் சங்கத்தில் மட்டும், ரவிக்குமாரின் மனைவி அடுக்குமாடியில் தனக்கு வேண்டிய பன்னிரண்டு குடும்பங்களுக்கு மட்டும் சொன்னார்கள். கன்ட்ரோலர் டிரைவர்களிடம் மட்டும் சொன்னார். எல்லாரும் காதோடு காதாகச் சொன்னார்கள், எல்லாரும் யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கினார்கள். ஆறு வருஷம் இருநூற்றுப் பன்னிரண்டு அலுவலகங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியும் வராத விழிப்பு ஒரே ராத்திரியில் ஊருக்கு வந்துவிட்டது. சனிக்கிழமை காலை மார்க்கெட்டில் கொத்தமல்லி வாங்கினவர்களுக்குக்கூட அது கட்டோடு சேர்த்துக் கிடைத்தது.

அன்று நாலு மணிக்கு ரத்தினசாமி நஞ்சன்கூடு போவதற்காகக் கிழக்கு ஸ்டாண்டுக்கு வந்தார். எப்போதும் கால் வைக்க இடமில்லாத ஸ்டாண்டு பாதி காலியாக இருந்தது. டீக்கடைகளில் 'தவிர்க்க முடியாத காரணத்தால் விடுமுறை' என்று அட்டை தொங்கியது. இரண்டு கான்ஸ்டபிள்களும் நிழலில் உட்கார்ந்து, ஐந்து மணி எப்போது ஆகும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜேப்படிக்காரர்கள்கூட அன்றைக்கு வேறு ஸ்டாண்டுக்குப் போயிருந்தார்கள்.

பிளாட்பாரத்தில் மல்லம்மா பெருக்கிக்கொண்டிருந்தாள். பதினோரு வருஷமாக அந்த ஸ்டாண்டைப் பெருக்குகிறவள். புருஷனும் பிள்ளையும் இல்லை. பார்சல் ஆபீசுக்குப் பின்னால் ஒரு சாக்குத் தட்டிக்குள் படுக்கை. சனிக்கிழமைதோறும் மகளுக்காகக் காத்து நிற்கும் ரத்தினசாமியை அவளுக்குத் தெரியும். இருவரும் ஹனூர்ப் பக்கம் என்பதால் பார்த்தால் இரண்டு வார்த்தை பேசுவாள். பெருக்குகிறவளிடம் நின்று பேசுகிறவர்கள் அந்த ஸ்டாண்டில் அதிகம் பேர் இல்லை.

"பாப்பா இன்னைக்கு வருதுங்களா சாமி?"

"இல்ல மல்லம்மா. நஞ்சன்கூட்ல எறங்குது."

"இன்னைக்கு என்னமோ கூட்டமே காணோமுங்க. பதனோரு வருசத்துல இப்படிப் பாத்ததில்லீங்க. எப்பப் பாத்தாலும் கூட்டறது பூராம் மத்தவங்க காலைச் சுத்தித்தானுங்களே. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல பெஞ்சுக்கு அடியெல்லாம் ஒருக்கா நல்லாக் கூட்டிப்போடலாமுன்னு இருக்கறேன்."

"ஆமா, நல்லாக் கூட்டு" என்றார் ரத்தினசாமி. பஸ் கிளம்பிவிட்டது. ஓடிப்போய் ஏறிக்கொண்டார். அவளிடம் சொல்லக் கூடாது என்று அவர் நினைக்கவில்லை. சொல்ல வேண்டும் என்றும் அவருக்குத் தோன்றவில்லை. அவர் மனசு முழுக்க நஞ்சன்கூட்டில் இருந்தது.

ஆறு நாற்பதுக்கு வெடித்தது. மூன்றாம் பிளாட்பாரத்துப் பெஞ்சுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தார்கள். நாலு பெஞ்சும் ஒரு கூரையும் போயின. சாதாரணச் சனிக்கிழமையாக இருந்திருந்தால் அந்த இடத்தில் இருநூறு பேர் நின்றிருப்பார்கள். அன்று ஒருத்திதான் இருந்தாள். முதல் பிளாட்பாரத்தில் தொடங்கி இரண்டாவதை முடித்துவிட்டு மூன்றாவதற்கு அப்போதுதான் வந்துகொண்டிருந்ததால் உயிர் தப்பினாள். வலது கால் எலும்பு மூன்று இடத்தில் உடைந்தது, இரண்டு காதும் அடைத்துப்போயின.

எட்டு பத்துக்கு ரவிக்குமாரின் பேஜர் ஒலித்தது. சம்பவ எண் வந்துவிட்டது. பிரிவில் எல்லாருக்கும் மூச்சு வந்தது. உமாதேவி ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் வந்து கோப்பு திறந்தார். இறந்தோர் பூஜ்யம், காயமுற்றோர் ஒன்று என்பதால் வரம்புக்குள் வராத சிக்கல் ஒன்று இருந்தது. அதற்குச் சிறப்பு விலக்கு கேட்டு வாங்கினார்கள். தகரப் பெட்டிக்கு மூன்று மாதம் தடை வந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு அலுவலகங்களும் விழிப்புடன் இருப்பதாகச் சான்று அனுப்பின. பிரிவின் முன்கூட்டிய விழிப்பால் பெரும் உயிர்ச்சேதம் தவிர்ப்பு என்று பத்திரிகையில் ரவிக்குமாரின் படம் வந்தது. பெண் பார்க்கும் வைபவமும் நல்லபடியாக முடிந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்கும் வெள்ளிக்கிழமையே தெரிந்திருந்ததால், அதைப் பற்றியே பேசி இரு வீட்டாரும் நெருங்கிவிட்டார்கள்.

ஆனால் இன்ஸ்பெக்டர் ஒரு நியாயமான கேள்வி எழுப்பினார். பெட்டியை வைத்தவனைப் பார்த்த சாட்சி ஒருவரும் இல்லை. ஸ்டாண்டில் ஆளே இல்லாதபோது சாட்சி எங்கிருந்து வரும்? வழக்கம்போல இருநூறு பேர் நின்றிருந்தால் மிச்சப்பட்டவர்களில் யாராவது அடையாளம் சொல்லியிருப்பார்கள். ஆகவே புலனாய்வைக் கெடுத்தது, மிக இரகசியமான கடிதத்தை ஊருக்குச் சொன்னவர்கள்தான். மேலிடமும் அதை ஒப்புக்கொண்டது. குண்டு வைத்தவனைத் தேடுவது ஒரு பக்கம் இருக்கட்டும், ரகசியத்தை விட்டவனைப் பிடியுங்கள் என்று உத்தரவு வந்தது.

அந்த விசாரணையைப் போல ஒரு விசாரணையை மைசூர் பார்த்ததில்லை. அறுபது பேர் வீடு வீடாகப் போனார்கள். யார் யாரிடம், எந்தத் தெருவில், எத்தனை மணிக்குச் சொன்னார்கள் என்று மூன்றே நாளில் ஒரு வரைபடம் தயாராகிவிட்டது. மொத்தம் பதினேழாயிரத்து முன்னூற்று நான்கு பேர். வரைபடத்தை மாடியில் விரிக்க இடம் போதாமல் கீழே காப்பிப்பொடிக் கடை வரைக்கும் படிக்கட்டில் இறக்கினார்கள். உச்சியில் மூன்று பெயர்கள் இருந்தன. ரவிக்குமார், உமாதேவி, ரத்தினசாமி.

ரத்தினசாமி மூன்று ராத்திரி தூங்கவில்லை. வேலை போய்விடும், கல்யாணம் நின்றுவிடும் என்று மாதம்மா சாமிக்குக் காசு முடிந்து வைத்தாள். அப்படி எதுவும் ஆகவில்லை. குமாஸ்தாவைத் தண்டித்தால் தனி அதிகாரியையும் தண்டிக்க வேண்டும். போதாக்குறைக்கு, வரைபடத்தில் ஒன்பதாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டாவது பெயர் விசாரணை அதிகாரியின் சொந்த மனைவியாக இருந்தது. அறிக்கையின் முடிவுரையை மிகுந்த கவனத்துடன் எழுதினார்கள். இரகசியம் கசிந்தது என்று சொல்வதற்கில்லை, அது பொதுமக்களிடம் பத்திரமாக இருந்தது. எனினும் எதிர்காலத்தில் இரகசியம் காப்பதை ஊக்குவிக்கும் பொருட்டு, மாநகரத்தில் இந்த இரகசியத்தை அறியாமலும் எவரிடமும் கூறாமலும் இருந்ததாக நிரூபிக்கப்பட்ட ஒரே நபரைக் கௌரவிக்கலாம்.

அப்படி ஒரு நபர்தான் இருந்தாள். பெரிய ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில், காலில் மாவுக்கட்டுடன் படுத்திருந்தாள். ரவிக்குமார் போட்டோக்காரருடன் வந்து சால்வை போர்த்தினார். நெருக்கடியான வேளையில் அரசின் இரகசியத்துக்கு எள்ளளவும் பங்கம் விளைவிக்காத மல்லம்மாவின் கடமையுணர்வைப் பாராட்டி ஒரு சான்றிதழ் வாசித்தார். மல்லம்மா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொல்லும் அவள் காதில் விழவில்லை. பேஜர் ஒலித்ததும் அவர் கிளம்பிவிட்டார். சால்வை பெற்றுக்கொண்டதற்குக் கைநாட்டு வாங்க ரத்தினசாமி மட்டும் மைப்பெட்டியுடன் நின்றார்.

"ஏனுங் சாமி" என்றாள் மல்லம்மா. "ஊருக்கெல்லாம் முன்னாடியே தெரியுமாமா. நர்சம்மா காதுகிட்டக் கத்திக் கத்திச் சொல்லுச்சுங்க. அன்னைக்கு நீங்க என்ற பக்கத்துலதானுங்களே நின்னீங்க. எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே."

அவள் குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ரத்தினசாமிக்கு அப்படியே தரையில் புதைந்துவிடலாம்போல வெட்கமாக இருந்தது. மெதுவாகச் சொன்னார். "அது ரகசியம், மல்லம்மா."

"கேக்கலீங்க. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். அவள் காதுக்குப் பின்னால் கையைக் குவித்து வைத்துக்கொண்டு இன்னும் நெருங்கி வந்தாள். அவர் அவள் காதருகே குனிந்து, அடித்தொண்டையிலிருந்து கத்தினார்.

"அது ரகசியம்."

வார்டில் இருபது கட்டிலும் திரும்பிப் பார்த்தன. நர்சு ஓடிவந்து, இது ஆஸ்பத்திரி, இங்கே இப்படிக் கத்தக் கூடாது என்று கண்டித்துவிட்டுப் போனாள். மல்லம்மாவுக்கு இப்போது கேட்டுவிட்டது. தலையை ஆட்டினாள். சால்வையை இழுத்து மாவுக்கட்டின்மேல் போர்த்திக்கொண்டாள்.

"எனக்குச் சொல்லியிருந்தா அது வெளிய போயிருக்காதுங்களே, சாமி. நான் போய் ஆருகிட்டச் சொல்லப்போறேன்? எனக்கு ஆரு இருக்கறாங்க?"

சொல்லிவிட்டுக் கட்டைவிரலை நீட்டினாள். ரத்தினசாமி அவள் முகத்தைப் பார்க்காமல் மையைத் தடவினார்.